இரண்டு முறை மண்டியிட்டால் போதும்

கோச் பிராஸ்வெல் எங்கள் ஊருக்கு வந்து இறங்கிய அன்று விமான நிலையத்துக்கு நானூறு பேர் போயிருந்தோம். அந்த நானூறில் நான் இல்லை என்று சாதிக்கத்தான் ஆசை. ஆனால் மறுநாள் செய்தித்தாளில் படம் வந்துவிட்டது. கழுதைக் காது வைத்த தொப்பியோடு, வாயெல்லாம் பல்லாக, முன்வரிசையில் நிற்கிறேன்.

அமெரிக்காவின் மிசிசிப்பியில் எங்கள் மார்லோ ஊர் என்றால் பல்கலைக்கழகம், பல்கலைக்கழகம் என்றால் ஃபுட்பால், பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடும் அமெரிக்க ஆட்டம். எங்கள் அணிக்குப் பெயர் கோவேறு கழுதைகள். பையன்கள் பத்து கெஜம் முன்னேறினால் அரங்கமே கழுதை போலக் கனைக்கும். பிராஸ்வெல் வந்த பிறகு ஊர்த் தொண்டைக்கு நல்ல ஓய்வு.

எங்கள் அப்பா மாதாமாதம் முதல் திங்களன்று கூடும் சந்தையில் வேட்டை நாயும் பழைய துப்பாக்கியும் விற்றவர். வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் எந்தப் பிராணியையும் அவர் வாங்கியதில்லை. நான் பிராஸ்வெலின் பல்லைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். முப்பத்திரண்டும் வெள்ளை வெளேரென்று, ஒரே அளவில், கடையில் வாங்கி அடுக்கியது போல.

முதல் வருஷம் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. வீடு கட்டும்போது தூசி பறக்கத்தான் செய்யும் என்று நாங்களே அவனுக்காகப் பேசினோம். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் மைக்கைப் பிடித்து ஒரே வார்த்தை சொல்வான்: "நெருங்கிட்டோம்." எதை நெருங்கினோம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நாற்பது புள்ளியில் தோற்றாலும் நெருங்கிட்டோம். இரண்டாம் வருஷம் செப்டம்பரில், முதல் ஆட்டத்திலேயே சொந்த மண்ணில் உதை வாங்கிவிட்டு, அதே பல்லைக் காட்டி அதையே சொன்னபோது என் மைத்துனன் ஓடெல் ஏணியை எடுத்தான்.

ஓடெல் பிக்கார்ட் என் தங்கை எர்லீனின் கணவன். அதற்கு முன்பே பள்ளியில் என் பக்கத்து பெஞ்சு. நெடுஞ்சாலை ஓரத்தில் பார்பிக்யூ கடை வைத்திருக்கிறான். மறுநாள் காலை சர்ச் விட்டு வந்த ஜனம் பார்க்கப் பார்க்க, கடையின் மொட்டைமாடியில் கூடாரம் அடித்து, படுக்கை விரிப்பு ஒன்றைத் தொங்கவிட்டான். சிவப்புச் சாயத்தில் எழுதியிருந்தது: கழுதைகள் ஜெயிக்கும் வரை இறங்க மாட்டேன்.

முதல் வாரம் திருவிழாதான். டிவிக்காரர்கள் வந்தார்கள். கிரேன் வைத்து நடமாடும் கழிப்பறை ஒன்றை மேலே ஏற்றினோம். போகிற வருகிற கார்களெல்லாம் ஹார்ன் அடிக்க, ஓடெல் போப்பாண்டவர் போலக் கையசைத்தான். எர்லீன் வாளியில் சாப்பாடு கட்டிக் கயிற்றில் அனுப்பினாள். ரெண்டு வாரம், மிஞ்சினால் மூன்று என்று எல்லோரும் நினைத்தோம்.

ஒன்பது ஆட்டம் போயிற்று. ஒன்பதும் தோல்வி. ஹார்ன் சத்தம் மட்டும் குறையவில்லை. இப்போது அதில் கொஞ்சம் சிரிப்பும் கலந்திருந்தது. எர்லீன் வாளியை அனுப்புவாள், பேசமாட்டாள்.

இதில் தாங்க முடியாத அசிங்கம் வியாழக்கிழமை. வியாழன்தோறும் மாலை ஆறு மணிக்கு கோச்சின் வானொலி நிகழ்ச்சி ஓடெல் கடையிலிருந்துதான் நேரடியாகப் போகும். பிராஸ்வெல் வருவதற்கு முன்பே கையெழுத்தான ஏற்பாடு. அதனால் மாடியில் ஒருவன் கோச்சின் புண்ணியத்தில் காய்ந்துகொண்டிருக்க, அதே மாடிக்குக் கீழே அந்த ஆள் பன்றி விலாவை எலும்பு வரை உறிஞ்சிக்கொண்டு, விரலை நக்கிக்கொண்டு, பண்பாடு, உழைப்பு, நெருங்கிட்டோம் என்று பேசுவான். வெளியே ஒலிபெருக்கி வேறு. ஓடெல் ஒரு சொல் விடாமல் கேட்டாக வேண்டும்.

"ஓடெல் கவலப்படாதீங்க, உங்கள சீக்கிரம் இறக்கிடறேன்" என்று வாராவாரம் சொல்லிவிட்டு இரண்டாம் தட்டு கேட்பான்.

டோவியின் கல்யாணம் இல்லாவிட்டால் இதையும் சகித்திருப்போம்.

டோவி ஓடெலின் ஒரே மகள். இலையுதிர் காலத்தில் எங்கள் ஊரில் புத்தியுள்ளவர்கள் கல்யாணம் வைக்கமாட்டார்கள். என் கல்யாணம் ஆட்ட நாளில் நடந்தது. பாதிரியார் காதில் ரேடியோ ஒயர். 'சம்மதமா' என்று கேட்க வேண்டிய இடத்தில் "போச்சு" என்றார். என் மனைவி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். டோவி அதையெல்லாம் யோசித்து, ஆட்ட அட்டவணை வந்த அன்றே உட்கார்ந்து, நவம்பரில் அணிக்கு ஆட்டமே இல்லாத அந்த ஒரு சனிக்கிழமையைப் பிடித்து நாள் குறித்தாள். எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தவள், அப்பா மாடியில் இருப்பார் என்பதை மட்டும் எடுக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது என் பழைய சாமான் கடைக்கு வந்து, ஒரு மேசையின் இழுப்பறையைத் திறந்து மூடிக்கொண்டே கேட்டாள்.

"மாமா, சர்ச்ல என் கையப் பிடிச்சு நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?"

"உங்கப்பன் இருக்கானே கண்ணு."

"எங்க இருக்காரு? மாடில இருக்காரு."

"சனிக்கிழமை ஆட்டம் இருக்குல்ல. சும்மா டீச்சர் ட்ரெயினிங் காலேஜு. தோத்துட்டுப் போறதுக்குன்னே நாம கூப்பிட்டிருக்கோம்."

"அவங்ககிட்டயும் இவன் தோப்பான் மாமா. நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க."

சரி என்று சொல்ல வாய் வரவில்லை. முடியாது என்று சொல்லவும் வரவில்லை. "அப்பன்கிட்ட பேசிப் பாக்கறேன்" என்றேன்.

பேரம் பேசுவது எனக்குப் பிறவியிலேயே வந்தது. ஏணி ஏறி மாடிக்குப் போனேன். ஓடெல் தாடியும் மீசையுமாக மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பொரித்த பன்றித்தோல் கொறித்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, விரிப்புல என்ன எழுதியிருக்க? கொஞ்சம் படி."

"கழுதைகள் ஜெயிக்கும் வரை."

"எந்த ஆட்டத்துலன்னு எழுதலயே? போன வாரம் நம்ம பொண்ணுங்க வாலிபால்ல ஜெயிச்சிருக்காங்க. அவங்களும் கழுதைங்கதான்."

"பொண்ணுங்களக் கழுதைன்னு நீ சொன்னேன்னு உன் தங்கச்சிகிட்ட சொல்லட்டுமா?"

"சட்டப்படி சொல்றேன்டா."

"மச்சான், நீ பழைய மெத்தைய புதுசுன்னு விக்கிறவன். உன்கிட்ட நான் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டா வெளங்கும்."

"புதுசுன்னு சொன்னதே இல்ல. புதுசு மாதிரின்னுதான் சொல்லுவேன்."

அவன் சிரிக்கவில்லை. எதிர்ச்சாரியைக் காட்டினான். டயர் கடை ஹோயட் வாசலில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் காதாக வைத்து ஆட்டினான். ஹோயட் வேறு கட்சி. கழுதைகள் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தாலும் பிராஸ்வெலை அடுத்த வருஷமும் வைத்துக்கொள்வார்கள், அதனால் எல்லாவற்றிலும் தோற்க வேண்டும் என்று வாராவாரம் முழங்கால் போட்டு ஜெபிக்கிற கட்சி. ஊரில் பாதிப்பேர் அதில் சேர்ந்துவிட்டார்கள். சொந்த அணி தோற்கச் சொந்த ஊரே ஜெபிக்கும் கேவலத்தை எனக்கு நினைவு தெரிந்து நான் பார்த்ததில்லை.

"நான் இறங்கினா அவன் என்ன சொல்லுவான் தெரியுமா?" என்றான் ஓடெல். "பிராஸ்வெலாவது வேலைல நிக்கிறான், ஓடெல் ஓடிட்டான்னு சொல்லுவான். சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கு மச்சான். சனிக்கிழமை ஜெயிப்போம். நான் இறங்குவேன்."

சனிக்கிழமை வந்தது. நான் அரங்கத்துக்குப் போகவில்லை. காசு கொடுத்து வயிற்றெரிச்சலை வாங்கி எனக்குப் பழக்கமில்லை. மாடியில் ஓடெல் பக்கத்தில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கீழே கார் நிறுத்துமிடத்தில் ஐம்பது அறுபது பேர். ஏணிக்கு அடியில் டோவி, கையைக் கட்டிக்கொண்டு.

அரங்கம் ஒரு மைல்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு: ரேடியோவில் குரல் அரை நிமிஷம் தாமதமாக வரும், அரங்கத்துச் சத்தம் காற்றில் நேராக வந்துவிடும். கனைப்புக் கேட்டால் நமக்கு நல்லது நடந்துவிட்டது என்று தெரியும். என்ன நடந்தது என்று ரேடியோ பிறகு சொல்லும்.

அன்றைக்குக் கனைப்புக் கேட்டது, நான்கு முறை, ஐந்து முறை. டீச்சர் ட்ரெயினிங் பையன்கள் எங்கள் பையன்களின் உடம்பில் பாதிதான் இருந்தார்கள். அப்படியும் இழுபறிதான், ஆனால் கடைசியில் இருபதுக்குப் பதினேழு, நாங்கள் முன்னே. மிச்சம் ஒரு நிமிஷம் எட்டு நொடி. பந்து எங்களிடம். எதிரணியிடம் கடிகாரத்தை நிறுத்த ஒரு வழியும் மிச்சமில்லை.

ஃபுட்பால் தெரியாதவர்களுக்கும் இது புரியும். அந்த நிலையில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பந்தை வாங்கிய பையன் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்ற வேண்டும். ஆட்டம் அத்தோடு நிற்கும், கடிகாரம் மட்டும் ஓடும். அப்படி இரண்டு முறை. ஓடவேண்டாம், எறியவேண்டாம், யாரையும் இடிக்கவேண்டாம். மண்டி, இன்னொரு மண்டி, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். எட்டு வயதுப் பிள்ளைகள் விளையாடும் ஆட்டத்தில்கூட இதைத்தான் செய்வார்கள்.

ஓடெல் எழுந்தான். விரிப்பின் முடிச்சுகளை அவிழ்த்து, நான்காக மடித்து, அக்குளில் வைத்துக்கொண்டான். கீழே கைதட்டினார்கள். ஏணியின் மேல்படியில் ஒரு காலை வைத்தான். டோவி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அழுதாள் என்றும் சொல்லலாம்.

ரேடியோக்காரன் உற்சாகமாக இருந்தான்: "மார்லோ மக்களே, இனி மண்டிதான் பாக்கி. ஓடெல் பிக்கார்ட் இதக் கேட்டுட்டிருந்தா, சோப்ப எடுத்து வையுங்க!"

அப்போது காற்றில் அது வந்தது. கனைப்பு இல்லை. இருபதாயிரம் பேர் ஒரே நேரத்தில் வயிற்றில் குத்து வாங்கினால் வரும் சத்தம்.

ஓடெலின் கால் படியிலேயே நின்றது. என்னைப் பார்த்தான். நான் ரேடியோவைப் பார்த்தேன். ரேடியோக்காரனுக்கு இன்னும் எதுவும் நடக்கவில்லை. ஓடெல் எந்த சோப்புப் போடுவார் என்று தமாஷ் பண்ணிக்கொண்டிருந்தான். அந்த அரை நிமிஷம் போல் அருவருப்பான அரை நிமிஷம் என் வாழ்க்கையில் வேறில்லை. நடந்து முடிந்துவிட்டது என்று தெரியும், என்னவென்று தெரியாது.

பிறகு அவனும் வந்து சேர்ந்தான். "பந்த வாங்கறான், மண்டி... இல்ல, இல்ல, ஏன் இன்னொருத்தன்கிட்ட குடுக்கறான்? பந்து கீழ விழுந்துருச்சு! அவங்க எடுத்துட்டாங்க! ஓடறான்... யாராவது பிடிங்களேன்... ஐயோ, கடவுளே."

இருபத்துநாலுக்கு இருபது. தோல்வி.

கீழே கூட்டம் கார்ச் சாவியைத் தேடியது. ஹோயட் மட்டும் வாசலில் நின்று இரண்டு கையையும் வானத்தை நோக்கித் தூக்கினான். அவன் ஜெபம் பலித்துவிட்டது.

கால் மணிநேரத்தில் பிராஸ்வெலின் குரல் வந்தது. ஏன் மண்டியிடச் சொல்லவில்லை என்று யாரோ கேட்டார்கள். "என் கழுதைங்க மண்டி போடாது" என்றான். "அது நம்ம பண்பாடு இல்ல. கடைசி நொடி வரைக்கும் முட்டுவோம். நெருங்கிட்டோம்."

ஓடெல் விரிப்பைப் பிரித்து, பழைய முடிச்சிலேயே கட்டினான். டோவி ஏணியில் பாதிவரை ஏறினாள்.

"அப்பா, அடுத்த சனிக்கிழமை."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா கட்டறீங்க?"

"நான் என்னம்மா செய்ய? ஜெயிக்கலயே."

"நான் எப்பவாவது ஜெயிக்கச் சொன்னேனா?" என்றாள். "இறங்கத்தான் சொன்னேன்." இறங்கிப் போய்க் காரில் ஏறிக் கதவை அறைந்தாள்.

அந்த வாரம் நான் கோட் ஒன்றைத் தைக்கக் கொடுத்தேன். வேறென்ன செய்ய, யாராவது ஒருவன் அவளை அழைத்துப் போகவேண்டுமே. எர்லீன் வாளி அனுப்புவதையும் நிறுத்திவிட்டாள். கடைப் பையன்கள் எஜமானுக்குப் பயந்து ஏதோ அனுப்பினார்கள்.

வியாழன் வந்தது. பிராஸ்வெல் வரமாட்டான் என்றுதான் நினைத்தோம். முதுகெலும்பு உள்ள எவனும் வரமாட்டான். சரியாக ஆறுக்கு வந்தான், அதே பல்லோடு. டோவி அன்று அம்மாவுக்கு உதவியாகக் கடையில் நின்றாள். விலாத் தட்டை அவன் முன் வைத்தாள். வைத்த சத்தம் ரேடியோவில் கேட்டிருக்கும். நானும் ஹோயட்டும் முன்மேசையில் இருந்தோம். ஹோயட் வேடிக்கை பார்க்க வந்தவன். நான் எதற்கு வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

முதல் கேள்வியே அதுதான். ஒரு கிழவர் எழுந்து, தொப்பியைக் கழற்றாமலே, "ரெண்டு மண்டி, அவ்வளவுதான கோச்?" என்றார்.

பிராஸ்வெல் எலும்பைத் தட்டில் போட்டு, நாப்கினில் விரலைத் துடைத்து, மைக்கைப் பக்கத்தில் இழுத்தான்.

"நான் ஒண்ணு சொல்றேன். மேல ஒரு மனுஷன் இருக்காரு. அறுபத்தெட்டு நாளா வெயில், மழை, பனி. ஊரே சிரிக்குது, எறங்கறாரா? இல்ல. சொந்தப் பொண்ணுக்குக் கல்யாணமாம், அப்பவும் எறங்கலயே! ஏன்? ஓடெல் பிக்கார்ட் மண்டி போடற ஆளு இல்ல. நானும் இல்ல. அவரும் நானும் ஒரே மண்ணு. அப்படிப்பட்ட ஆளுங்கள வெச்சுத்தான் இந்த அணிய நான் கட்டறேன்." மேலே பார்த்து விரலை உயர்த்தினான். "ஓடெல், அங்கயே இருங்க! நெருங்கிட்டோம்!"

டோவியின் கையிலிருந்த ஐஸ் டீ ஜாடி மேசையில் சாய்ந்தது. தேநீர் ஒழுகி பிராஸ்வெலின் கால்சட்டையை நோக்கி ஓடியது. அதை யாரும் துடைக்கவில்லை.

வெளியே ஏணி கிறீச்சிட்டது.

ஒவ்வொரு படியாகக் கேட்டது. கதவு திறந்தது. முதலில் வந்தது வாடைதான். ஹிக்கரி விறகுப் புகையும், வியர்வையும், நனைந்து காய்ந்து நனைந்த கூடாரமும் சேர்ந்த ஒன்று. பிறகு ஓடெல். தாடி மார்பைத் தொட்டது. தரையில் நடந்து பழக்கம் விட்டுப்போய், கப்பலிலிருந்து இறங்கியவன் போலக் காலை அகட்டி வைத்து, நேராக பிராஸ்வெலின் மேசைக்கு வந்தான்.

"இவன் மாதிரி நானாமே" என்றான், எங்களைப் பார்த்து. இல்லை என்று மறுக்க முடியாதபடி அது உண்மையாகவும் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தால் அவனுக்கும் அது தெரிந்துவிட்டது.

ஓடெல் பிராஸ்வெலின் முன்னால் வலது முழங்காலைத் தரையில் ஊன்றினான்.

"ஒண்ணு" என்றான்.

எழுந்தான். அறுபத்தெட்டு நாள் மடக்கு நாற்காலியில் கிடந்த முட்டி; எழுவதற்குள் மேசையைப் பிடிக்கவேண்டியிருந்தது. மறுபடியும் ஊன்றினான்.

"ரெண்டு. ஆட்டம் முடிஞ்சுது. இவ்வளவுதான்டா. இதுக்காடா உனக்கு அவ்வளவு சம்பளம்?"

எழுந்து, பாதி தின்ற விலாத் தட்டை பிராஸ்வெலின் கைக்கு அடியிலிருந்து உருவினான். பிராஸ்வெல் சிரித்துக்கொண்டே, "ரெண்டாவது தட்டு..." என்று ஏதோ ஆரம்பித்தான்.

"சமையலறை மூடியாச்சு" என்றாள் எர்லீன். அறுபத்தெட்டு நாளில் அவள் சபையில் பேசிய முதல் வார்த்தை.

அறிவிப்பாளன் அவசரமாக விளம்பரத்துக்குப் போனான். ஹோயட் கேலி செய்ய வாயைத் திறந்தவன், ஓடெலின் வாடை தாக்கி மூடிக்கொண்டான். டோவி அப்பாவின் அருகில் போய், மூக்கைப் பொத்திக்கொண்டு, அவன் கையிலிருந்த தட்டை வாங்கினாள்.

"போய்க் குளிங்க" என்றாள். "ரெண்டு தடவ."

சனிக்கிழமை அவன் அவளை அழைத்துப் போனான். சவரம் செய்த இடம் வெள்ளையாகவும் மிச்ச முகம் செங்கல் நிறமாகவும், முகமூடியைக் கழற்ற மறந்தவன் போல இருந்தான். நான் தைத்து வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாதிரியார் காதில் ஒயர் இல்லை. நானே போய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

இதற்கு அடுத்த வாரம் வெளியூர் ஆட்டம். ஓடெல் வீட்டுக் கூடத்தில் டிவி பார்த்தோம். பாதி ஆட்டம் முடிய ஐம்பது நொடி. எதிரணிக்கு முப்பத்தொன்று, எங்களுக்குப் பூஜ்யம். பந்து எங்களிடம். இனி இழக்க ஒன்றுமில்லை. குருடன்கூடப் பந்தைத் தூக்கி எறிந்து பார்ப்பான். எங்கள் பையன் பந்தை வாங்கினான், சுற்றுமுற்றும் பார்த்தான், முழங்காலை ஊன்றினான். மறுபடியும் வாங்கினான். மறுபடியும் ஊன்றினான்.

கேமரா பிராஸ்வெலைக் காட்டியது. பெரிய மனிதன் பாடம் கற்றுக்கொண்ட முகத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தான்.

ஓடெல் திட்டவில்லை. எழுந்து டிவியை அணைத்துவிட்டு, தட்டுக் கழுவப் போனான். ஃபுட்பால் ஓடும்போது அவன் டிவியை அணைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பல்கலைக்கழகம் பிராஸ்வெலை வைத்துக்கொண்டது. ஒப்பந்தம் இன்னும் நாலு வருஷம். நடுவில் துரத்தினால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும்; அதைவிட வைத்துக்கொள்வது மலிவாம். அவன் இல்லாத ஊரை விலைகொடுத்து வாங்க எங்களுக்கு வக்கில்லை என்று அதற்கு அர்த்தம்.

ஓடெல் ஏணியை என் கடையில் விற்கக் கொடுத்திருந்தான். செய்தி வந்த மறுநாள் காலையில் ஹோயட் வந்து ஏணியைத் தட்டிப் பார்த்தான், சாய்த்துப் பார்த்தான், அநியாய விலை என்றான். கையில் சுருட்டிய படுக்கை விரிப்பு ஒன்று இருந்தது. பிரித்துக் காட்டினான்: பிராஸ்வெல் போகும் வரை இறங்க மாட்டேன்.

"நாலு வருஷம்டா" என்றேன்.

"தெரியும். விலையச் சொல்லு."

சொன்ன விலைக்கே கொடுத்தேன், ஒரு காசு குறைக்கவில்லை. திரும்ப வாங்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.